வெட்சிக்கு முட்டை ஓடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வரும் வீட்டுத்தோட்டப் பகுதியில், இட்லிப்பூ எனப்படும் வெட்சிச் செடியின் இலை மஞ்சளாகிறது என்று கேட்ட வாசகருக்கு, முட்டை ஓட்டைப் பொடித்து வேரில் இடும்படியும் வாரம் ஒருமுறை அடுப்புச் சாம்பல் தூவும்படியும் ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. தக்காளிக்குச் சொல்லப்படும் குறிப்பு இது. வெட்சிக்கு இட்டால் அதன் நோய் முற்றும். அதே பகுதியில் நாட்டு வெட்சி என்று வெளியான படமும், அதன் உறவான வேறோர் இனமாகிய சீன வெட்சியின் படம். இரண்டையும் சேர்த்தே விளக்க விரும்புகிறேன். இந்தச் செடியின் உறுப்புகளை நின்று பார்த்தவருக்கு, அதற்கு எந்த மண் வேண்டும், எந்த இடத்தில் கத்தரிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

தமிழில் வெட்சி, இட்லிப்பூ என்றும், குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தெச்சி என்றும் வழங்கும் இந்தப் புதர்ச்செடியின் தாவரவியல் பெயர் இக்ஸோரா காக்சினியா. லின்னேயஸ் 1753இல் இட்ட பெயர். அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்தூஸ் மலபாரிக்கூஸ் தொகுதிகளில் இதன் படமும் விவரமும் மலையாளப் பெயரோடு வந்துவிட்டன. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். காப்பிச் செடி சேர்ந்துள்ள ரூபியேசி குடும்பமே இதன் குடும்பமும். நுணா, கடம்பு, பாவட்டை, மருக்காரை, கொய்னா மருந்து தரும் சின்கோனா எல்லாம் உறவுமுறைதான். இவை தோற்றத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் இரண்டு அடையாளங்கள் விட்டுப்போவதில்லை. இலைகள் எதிரெதிராக இணைசேர்ந்து நிற்கும். அந்த இரண்டு இலைகளின் அடிப்பகுதிக்கு நடுவே, தண்டை ஒட்டி, சிறு செதில் ஒன்று இருக்கும். வெட்சியில் இந்த இலையடிச் செதிலின் நுனி ஊசிபோல் நீண்டிருக்கும். விரலால் தண்டை வருடினாலே தட்டுப்படும். பூ இல்லாத காலத்தில் செடியை அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது.

இலை தோல்போல் தடித்துப் பளபளப்பாக இருக்கும். நீளம் 5 முதல் 10 செ.மீ. வரை. ஓர் இணைக்கு அடுத்த இணை குறுக்காக அமையும், ஆகவே மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம் தெரியும். நாட்டு வெட்சியின் இலைக்குக் காம்பு கிடையாது, அல்லது இருக்கிறதா என்று தேடும் அளவுக்குத்தான் இருக்கும். இலையின் அடிப்பகுதி வட்டமாகவோ சற்றே இதய வடிவாகவோ தண்டைத் தழுவி நிற்கும். சீன வெட்சியின் இலை அடிப்பக்கம் குறுகி, சிறு காம்பில் முடியும். நாற்றுப் பண்ணையில் பெயர்ச்சீட்டை நம்பாமல் இதைப் பாருங்கள்.

பூ, கிளையின் நுனியில் மட்டும்தான் வரும். கத்தரிப்பு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருப்பதால் கீழே மறுபடியும் இதற்கு வருகிறேன். ஒரு கொத்தில் 60 பூ வரைகூட இருக்கும். கொத்தின் காம்புக் கிளைகள் செந்நிறமானவை. திருமுருகாற்றுப்படை இதைச் "செங்கால் வெட்சி" என்கிறது. கொத்தைப் பறித்துப் பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு துல்லியமானது என்பது புரியும். ஒவ்வொரு பூவிலும் எல்லாம் நான்கு நான்காக இருக்கும். புல்லி வட்டத்தில் நான்கு சிறு பற்கள், அல்லி வட்டத்தில் நான்கு மடல்கள், மடல்களுக்கு இடையே நான்கு மகரந்தத் தாள்கள். நான்கு தனி இதழ்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அவை தனி இதழ்கள் அல்ல. கீழே ஒன்றாக இணைந்து, நூல்போன்ற குழலாகி, மேலே மட்டும் நான்காக விரிகின்றன. குழலின் நீளம் ஏறக்குறைய 3 முதல் 4 செ.மீ. வரை. சூற்பை இந்தக் குழலுக்கும் புல்லிக்கும் கீழே இருக்கிறது. தாவரவியலில் இதைக் கீழ்மட்டச் சூற்பை என்பார்கள். பழம் பழுத்த பிறகும் அதன் தலையில் புல்லியின் சிறு கிரீடம் ஒட்டியிருப்பது இதனால்தான்.

தேன் சுரப்பது குழலின் அடியில், சூற்பையின் தலையில் வளையமாக உள்ள தட்டில். சிறுவர்கள் பூவைப் பிடுங்கி அடிப்பக்கத்தை உறிஞ்சுவது சரியான இடத்தைத்தான். குழல் இவ்வளவு நீளமாகவும் ஒடுங்கியும் இருப்பதால் சிறு தேனீக்களின் நாக்கு அங்கே எட்டாது. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்கே எட்டும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் அந்தக் கறுப்பு வண்ணத்துப்பூச்சி வெட்சியைச் சுற்றுவதை எந்தத் தோட்டத்திலும் காணலாம்.

மகரந்தம் கைமாறும் விதம் இன்னும் நுட்பமானது. பள்ளிப் பாடத்தில் மகரந்தத் தாள் மகரந்தத்தைத் தரும், சூலக முடி வாங்கிக்கொள்ளும் என்று படிக்கிறோம். வெட்சியில் மொட்டு விரியும் முன்பே மகரந்தப் பைகள் வெடித்துவிடுகின்றன. அவை சூலகத் தண்டை நெருக்கிச் சூழ்ந்திருப்பதால், மகரந்தம் முழுவதும் தண்டின் நுனியில், இன்னும் மூடியிருக்கும் சூலக முடியின் வெளிப்புறத்தில், அப்பிக்கொள்ளும். பூ விரியும்போது சூலகத் தண்டு நீண்டு குழலின் வாயைத் தாண்டி வெளியே வந்து மகரந்தத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். வேலை முடிந்த மகரந்தப் பைகள் மடல்களுக்கு இடையே வளைந்து, சுருங்கி, விழுந்துவிடும். வண்ணத்துப்பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுபோன பிறகுதான் முடி இரண்டாகப் பிளந்து உட்புறத்தைக் காட்டும். வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்பது அந்த உட்புறம். ஆக, ஒரே பூ முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் வேலை செய்கிறது. உருப்பெருக்கிக் கைவில்லை ஒன்று இருந்தால் ஒரே கொத்தில் இரண்டு நிலைகளையும் பார்க்கலாம். நுனி மூடி மஞ்சள் பொடி பூசியிருப்பது முதல் நிலை, நுனி இரண்டாகச் சுருண்டிருப்பது இரண்டாம் நிலை. தாவரவியல் ஆசிரியர்கள் மாணவர்களை ஒரு காலைப் பொழுது இந்தச் செடியிடம் நிறுத்தினாலே போதும். இவ்வளவு தெளிவாகக் கண்ணில் படும் எடுத்துக்காட்டு பள்ளி வளாகங்களில் வேறு கிடைப்பது அரிது.

காய் பச்சையாக இருந்து சிவந்து, கருஞ்சிவப்பாகப் பழுக்கும். பட்டாணி அளவுள்ள சதைக்கனி. சூற்பையில் இரண்டு அறை, அறைக்கு ஒரு சூல் என்பதால் விதையும் அதிகபட்சம் இரண்டே. இரண்டும் முதுகு புடைத்து, ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் குழிந்திருக்கும். காப்பிக் கொட்டைகள் இரண்டு பழத்துக்குள் முகம் பார்த்துப் படுத்திருக்கும் அதே ஒழுங்கு. பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையைப் பரப்புகின்றன. பண்ணைகளில் விற்கும் குட்டை இக்ஸோராக்கள் காய்ப்பது மிகக் குறைவு. பறவைகளுக்கு உணவாக வேண்டும் என்று நடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது படத்தின் விஷயம். சீன வெட்சியின் அல்லி மடல்கள் நுனி மழுங்கி வட்டமாக இருக்கும். நாட்டு வெட்சியின் மடல்கள் குறுகிக் கூராக முடியும். இலைக்காம்பு வேறுபாட்டை முன்பே சொல்லிவிட்டேன். தங்கள் படத்தில் வட்ட மடல்களும் காம்புள்ள இலைகளும் தெளிவாகத் தெரிகின்றன. வெள்ளைப்பூ பூக்கும் உறவுகளிலும் இதே குழப்பம் இருக்கிறது. பாவட்டையை வெள்ளை வெட்சி என்று எழுதுகிறார்கள். பாவட்டையின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரியும்; அவை இலைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள். வெட்சி இலையில் அவை இல்லை. பாவட்டையின் சூலகத் தண்டு பூவுக்கு வெளியே மிக நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அதன் முடியும் வெட்சியைப்போல் இரண்டாக விரியாது. சுளுந்து மரம் உண்மையிலேயே இக்ஸோரா இனம்தான். ஆனால் அது சிறு மரமாக வளரும், மணமுள்ள வெள்ளைப் பூ, குழலும் குட்டை. அதன் பச்சைக் கிளையே தீப்பற்றி எரியும் என்பதால் அந்தக் காலத்தில் பந்தமாகப் பயன்பட்டது.

மண்ணுக்கு வருவோம். நாட்டு வெட்சி இயற்கையாகச் செழித்திருக்கும் இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே உள்ள செம்புரைக்கல் மேடுகள் முக்கியமானவை. அங்கே கொட்டும் மழை மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சுவது இரும்பு மிகுந்த புளிப்பு மண். அந்த மண்ணில் வாழப் பழகிய வேர் இது; கார அமில நிலை (pH; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5 முதல் 6 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கும். சுண்ணாம்புள்ள மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. கரையாத வடிவத்தில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. கார அமில எண் ஒன்று கூடினால் கரைந்திருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே 8ஐ நெருங்கும் மண்ணில் வெட்சி இரும்புக்கு நடுவே நின்றுகொண்டே இரும்பில்லாமல் வாடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். சாம்பல் அதைவிட வேகமாக மண்ணைக் காரமாக்கும். இரண்டையும் இடச் சொல்வது பூட்டின் மேல் இன்னொரு பூட்டைப் போடுவதற்குச் சமம்.

வீடுகளில் சுண்ணாம்பு வந்து சேரும் வேறு வழிகளும் உண்டு. சுவரோரம் நட்ட செடிகள்தான் அதிகம் மஞ்சளாகின்றன. கட்டுமானத்தின்போது கொட்டிய சிமெண்ட் கலவையும் பூச்சு உதிரியும் அங்கே மண்ணுக்குள் புதைந்திருப்பது காரணம். பாத்திக்கு வெள்ளையடித்த செங்கல் வரப்பும் மழைக்கு மழை சுண்ணாம்பைக் கசியவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய் வாயில் வெள்ளைப் படிவு விடுகிறதென்றால், தினமும் ஒரு வாளிச் சுண்ணாம்பு நீரை ஊற்றுகிறோம் என்று பொருள். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை: உலர்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகரைச் சொட்டுங்கள். நுரைத்துப் பொங்கினால் இருக்கிறது.

மஞ்சள் என்றாலே இரும்புக் குறை என்று முடிவுகட்டவும் கூடாது. எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். இரும்பு செடிக்குள் எளிதில் இடம்பெயராது. பழைய இலையில் இருப்பது புது இலைக்கு வராது. அதனால் நுனிக் குருத்துகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை. அடி இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. அடி இலைகளில் பழுப்புப் புள்ளியும் ஓரக் கருகலும் இருந்தால் சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறை. இந்தப் பெயரைக் கேட்டு மறுபடி அடுப்புச் சாம்பலைத் தேடிப் போகாமல், பொட்டாசியம் சல்பேட்டைச் சிறிதளவு இட வேண்டும். மண் ஈரமாக இருந்தும் செடி முழுவதும் வாடி மஞ்சளானால், வேர் அழுகுகிறது அல்லது நூற்புழு தாக்கியிருக்கிறது. சிறிது தோண்டி, வேரில் முடிச்சுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.

இரும்புக் குறைக்கு உடனடித் தீர்வு இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, அதன்பின் 5 கிராம் அன்னபேதியைக் (இரும்பு சல்பேட்) கரையுங்கள். வரிசையை மாற்றினால் கடின நீரில் இரும்பு உடனே துருவாகப் படியும். கரைசல் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள், அதைத் தெளித்துப் பயனில்லை. வெயில் ஏறும் முன்போ மாலையிலோ, இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். சரியாக நனையாத இடம் மஞ்சளாகவே நின்றுவிடும். இலை புள்ளிபுள்ளியாகப் பச்சையாவது இதனால்தான். 10, 15 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் போதும். பூவின் மேலும் சிமெண்ட் தரையிலும் பட்டால் கறை பிடிக்கும், போகாது. ஏற்கெனவே ஓரம் கருகிய இலைகள் தேறா. புதிய குருத்தின் நிறத்தை வைத்தே பலனை மதிப்பிடுங்கள்.

இது தற்காலிக உதவி. மண் மாறாவிட்டால் அடுத்த தளிரும் மஞ்சளாகவே வரும். மண்ணில் இடுவதற்கு இரும்புச் செலேட் (இரும்பு பூட்டப்படாமல் காக்கும் கூட்டுப்பொருள்) வாங்குகிறவர்கள் பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும். ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது. ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகையே தாக்குப்பிடிக்கும், விலை அதிகம் என்றாலும். வினிகரில் பொங்காத மண்ணுக்கு, சதுர மீட்டருக்கு 50 கிராம் தோட்டக் கந்தகத்தை மேல்மண்ணில் கிளறிவிடலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், ஈரமும் வேண்டும். அவசரப்பட்டு மறுபடி இடாதீர்கள். பொங்கும் மண்ணில் கந்தகம் வீண். எவ்வளவு இட்டாலும் சுண்ணாம்பு அதை விழுங்கிவிடும். அங்கே தரையில் குழி எடுத்து மண் மாற்றுவதும் நெடுநாள் நிற்காது, சுற்றியுள்ள சுண்ணாம்பு நீர் உள்ளே வந்துவிடும். ஒன்றரை அடி உயர மேடைப் பாத்தியோ பெரிய தொட்டியோதான் வழி. கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, நன்றாக அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. சுவரிலிருந்து மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். தொட்டிச் செடிக்கு மழைநீர் சேமித்து ஊற்ற முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட் நல்லது, மண்ணைப் புளிப்புப் பக்கம் தள்ளும். மூன்றடி உயரச் செடிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 கிராம், தண்டை ஒட்டாமல், கிளைகள் குடைபோல் பரவியிருக்கும் விளிம்புக்கு நேர் கீழே. பூ அதிகம் வரும் என்று எலும்புத்தூளும் டிஏபியும் அள்ளி இடுவதை நிறுத்த வேண்டும். அவற்றில் மிஞ்சும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருக்கிற கொஞ்ச இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனிக் கத்தரிப்பு. பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் வெட்சியை வேலிக் கத்தரியால் பெட்டி வடிவில் மழித்துவிடுகிறார்கள். பூ கிளை நுனியில் வருகிறது. நுனி உருவாகி, முதிர்ந்து, மொட்டுக் கட்ட இரண்டு மூன்று மாதம் வேண்டும். மாதந்தோறும் நுனி போய்விடுகிறது. பிறகு பூக்காத செடி என்று அதன்மேல் பழி. ஒரு கொத்து உதிர்ந்ததும் கைக்கத்தரியால் அதற்குக் கீழே இரண்டாவது அல்லது மூன்றாவது இலை இணைக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். அந்த இணையின் இரு கக்கங்களிலிருந்தும் (இலை தண்டோடு சேரும் மூலைகள்) இரண்டு தளிர்கள் வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொத்து. ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு. அடர்ந்து முற்றிய பழைய புதரை ஒரே நாளில் மொட்டையடிக்காமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு தண்டுகளைத் தரையை ஒட்டி எடுத்துப் புதுப்பிக்கலாம். நேர்கோட்டு வேலிதான் வேண்டுமென்றால் தங்க துரந்தாவை நடட்டும். அதை எத்தனை முறை மழித்தாலும் இழப்பில்லை.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் வரும்போது முதலில் தெரிவது இலைமேல் படியும் கரும்பூசணமும் எறும்பு வரிசையும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் கலக்கி, இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை தெளித்தால் கட்டுப்படும். எறும்பை விட்டுவைத்தால் பூச்சி திரும்ப வரும்.

நாட்டு வெட்சியைப் பெருக்குவது கடினமல்ல. அரை முற்றிய தண்டில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு, மூன்று கணு உள்ள குச்சியாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, வேரூக்கிப் பொடியில் தொட்டு மணலும் நார்க்கழிவும் கலந்த படுகையில் நடுங்கள். நிழலும் ஈரக்காற்றும் இருந்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். பூக்கும் கிளையில் எடுத்த குச்சி பெரும்பாலும் அழுகும். விதையானால் கருஞ்சிவப்பாகப் பழுத்ததை எடுத்து, சதையை முழுவதும் கழுவி, காயவிடாமல் அன்றே விதைக்க வேண்டும். விதைச்செடி பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆனால் வேர் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும்.

முட்டை ஓடு பற்றிய திருத்தத்தை அடுத்த வார வீட்டுத்தோட்டப் பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆலோசனையை வாசகர் யாராவது ஏற்கெனவே செய்திருந்தால், மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய தொழு உரத்தால் நிரப்பி, மழைநீர் ஊற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு),
நாகர்கோவில்.